ஆலாவின் வயிற்றில் கடல்

ஜனவரி 3

அருங்காட்சியகத் துறை இந்த ஆண்டும் டைரி கொடுத்திருக்கிறது. போன ஆண்டு டைரி பிப்ரவரி பத்தோடு நின்றுவிட்டது. இந்த முறை விடுவதாக இல்லை. ஓய்வு பெற இன்னும் பதினாறு மாதம்தான். செய்ததையெல்லாம் எழுதிவைத்தால் பின்னால் வருகிறவர்களுக்கு உதவும். இப்படிப் பெரிய மனதோடு ஆரம்பிப்பது என் வழக்கம்.

சண்முகவடிவு, காப்பாட்சியர். இருபத்தேழு வருடம் செப்புத் திருமேனிகளோடு குடித்தனம் நடத்தியவளை, இரண்டு வருடத்துக்கு முன் தூக்கி இந்த வெள்ளமணல் கடற்கரையில் போட்டார்கள். இங்கே என் பொறுப்பில் இருப்பது ஒரே ஒரு பொருள். இந்த இறக்கை நுனியிலிருந்து அந்த இறக்கை நுனிக்கு ஐம்பது மீட்டர். கடற்படையில் இருபத்தெட்டு வருடம் கடலைக் காவல் காத்த விமானம். எஞ்சின்களைக் கழற்றிக்கொண்டு, துண்டு துண்டாக லாரியில் அனுப்பி, இங்கே மறுபடி பூட்டினார்கள். ஊரார் அதை ஆலா என்கிறார்கள். கடல்மேல் பறக்கும் வெள்ளைப் பறவையின் பெயர். கூரை கிடையாது. கூரை கேட்டபோது, "கூரை போட்டா விமானம் மாதிரியே இருக்காதே மேடம்" என்று தலைமையகத்தில் சிரித்தார்கள்.

ஜனவரி 5

வாட்ச்மேன் தளவாயும் நானும் ஆலாவின் அடிவயிற்றைத் துடைத்தோம். மழைக்காலம் முழுக்க நனைந்தும் அங்கே ஒரு கறை இல்லை. கீழே சிமெண்டுத் தரையில் சொட்டு ஈரம்கூட இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் வந்த புதிதில் இந்த வயிறு முழுக்கப் பென்சில் நுழையும் அளவுக்குத் துளைகள் இருந்தன. மழை விட்டு இரண்டு நாள் ஆனாலும் சொட்டிக்கொண்டே இருக்கும். துளைக்குத் துளை குளவி மண் அப்பியிருக்கும். பார்க்கச் சகிக்காது. ஒரு மாதம் மல்லாந்து படுத்து, ஒவ்வொன்றாகப் புட்டிப் பசை வைத்து அடைத்து, உரசி, மெழுகேற்றி, சாம்பல் பெயிண்ட் அடித்தேன். இப்போது தடவினால் வெண்ணெய்தான். வெண்கலம் எனக்குக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான்: தண்ணீர் எந்த வழியாக வருமோ அந்த வழியை மூடு.

ஜனவரி 6

கழுத்துப் பிடிப்பு. தைலம்.

ஜனவரி 11

மதியம் பார்வையாளர்கள் யாரும் இல்லை. விமானத்துக்குள் போய்ப் பின்பக்கம், அந்தக் காலத்தில் ஆட்கள் முறை வைத்துத் தூங்கிய பலகைப் படுக்கையில் சாய்ந்தேன். வட்ட ஜன்னல் வழியாக வெயில் ஒரு தாம்பாளம் அளவுக்குத் தரையில் விழுந்து மெல்ல நகர்ந்தது. வெயில் நகர்கிறதா, விமானம் திரும்புகிறதா என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன். எஞ்சின் இல்லாததால் நான்கு விசிறிகளும் கடற்காற்றில் தாமாகச் சுற்றும். அவற்றின் நிழல் ஜன்னலை வந்து வந்து தொட்டது.

கண்ணை மூடியபோது அலை கேட்டது. வெளியே கேட்கும் அலை இல்லை. பலகைக்கு அடியில், ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்பும் சின்ன அலை. இருபத்தெட்டு வருடம் கடல்மேலேயே பறந்த உலோகத்துக்குள் அந்தச் சத்தம் ஊறிப்போயிருக்கும் என்று நினைத்தேன். வேதியியல் படித்தவள் நினைக்கக் கூடாத நினைப்பு. ஆனாலும் நினைத்தேன். சுகமாக இருந்தது. விழித்தபோது மணி நாலரை. இப்படி நான் தூங்கிப் பல வருடம் ஆகிறது.

ஜனவரி 12

தளவாயிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எனக்குப் போன மாசத்துல இருந்தே கேக்குதும்மா. சொன்னா, பகல்லயே போட்டுட்டியான்னு கேப்பீங்கன்னு சொல்லல."

இருவரும் வால் பக்கமாகக் காதை வைத்துக் கேட்டோம். காற்று அசைக்கும்போதெல்லாம் உள்ளே கடல் புரண்டு படுத்தது.

ஜனவரி 19

விஷயம் ஊருக்குள் போய்விட்டது. யார் சொன்னார்கள் என்று தளவாயைக் கேட்டேன். அவர் வானத்தைப் பார்த்தார். இன்று இருநூறு பேருக்கு மேல். கல்லூரிப் பெண்கள், உடன்குடியிலிருந்து ஒரு கல்யாண வீடு மொத்தமும், பட்டுச்சேலையோடு மணப்பெண்ணும். எல்லாரும் வரிசையில் நின்று ஆலாவின் வயிற்றில் காது வைத்தார்கள். மணப்பெண் கேட்டுவிட்டு மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தாள். அவர்கள் போன பிறகு பார்த்தால், சாம்பல் பெயிண்டில் காது உயரத்துக்குத் தலை எண்ணெய்க் கறை ஒரு நீளக் கோடாக இருக்கிறது. சோப்பு நீரால் துடைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கோபம் வரவில்லை.

ஜனவரி 23

பின்பக்கம் தரைப்பலகை ஒன்று ஊதினாற்போல் இருக்கிறது. உள்ளே ஒரு வாடை. பூட்டிக் கிடந்த வாடையாகத்தான் இருக்கும். கதவுகளைத் திறந்து வைக்கச் சொன்னேன்.

ஜனவரி 24

கனவு. ஆலா பறக்கிறது. இருக்கைகளில் கடற்படையினர் இல்லை. என் பழைய காட்சிக்கூடத்துத் திருமேனிகள் உட்கார்ந்திருக்கின்றன. நின்ற கோலத்தில் வார்க்கப்பட்டவர்கள் நின்றுகொண்டே வந்தார்கள். சோமாஸ்கந்தரை எங்கே உட்கார வைப்பதென்று தெரியாமல் நான் அங்குமிங்கும் ஓடுகிறேன். கீழே கடல், மேலே கடல். "அம்மா, ஜன்னலைச் சாத்துங்க, ஈரம் வருது" என்கிறார் ஒருவர். சாத்தப் போனால் ஜன்னலே இல்லை.

ஜனவரி 26

கொடியேற்றம். மிட்டாய். பத்திரிகைக்காரர் ஒருவர் படமெடுக்க வந்தார். "மேடம், முன்னாடி இவ்வளவு கம்பீரமா இல்லையே, மூக்கைத் தூக்கிட்டு நிக்குதே" என்றார். தள்ளி நின்று பார்த்தேன். நிஜம்தான். முன்சக்கரத்துக்கு மேலே வெள்ளிபோல் மின்னும் தண்டு, எப்போதும் இரண்டு விரல் அளவுதான் வெளியே தெரியும். இன்று ஒரு சாண் தெரிகிறது. இப்போதே கிளம்பிவிடுகிறேன் என்று சொல்வதுபோல ஆலா தலையை நிமிர்த்தியிருக்கிறது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அழகாக இருந்தது என்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

பிப்ரவரி 2

படம் வந்துவிட்டது. 'கடலைச் சுமக்கும் விமானம்' என்று தலைப்பு. என் பெயரைச் சண்முகவடிவேலு என்று போட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 4

காலை எட்டு மணிக்குக் கேட்டைத் திறக்கும்போதே ஒருவர் கையில் அந்தப் பத்திரிகையோடு நின்றிருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். பெயர் இன்னாசிமுத்து. மணப்பாட்டுக்காரர். கடற்படையில் மெக்கானிக்காக இருந்து, இதே விமானத்தில் பதினொரு வருடம் பறந்தவராம். மதுரையில் மகள் வீட்டில் இருக்கிறார். படத்தைப் பார்த்ததும் ராத்திரி பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார்.

வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேராக முன்சக்கரத்துக்குப் போனார். தண்டைப் பார்த்தார். வாலுக்கு ஓடினார். வயிற்றில் காதை வைக்கவில்லை. கை முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். டண் டண் என்ற சத்தம் ஓரிடத்தில் தொப் என்று மாறியது.

"மேடம், மொதல்ல ஆளுவள உள்ள விடாதீங்க. வாலு எப்ப வேணாலும் தரையில உக்காரும். உள்ள அம்புட்டுத் தண்ணி நிக்குது."

"தண்ணீரா? ஒரு சொட்டு வெளியே வராதே, அண்ணாச்சி."

"அதத்தான் சொல்லுதேன். ஒரு சொட்டுகூட வரலியே." அவர் குனிந்து என் வெண்ணெய் வயிற்றைத் தடவினார். தடவிய கை ஓரிடத்தில் நின்றது. "இதுல வடிகால் ஓட்டை வரிசையா இருக்குமே. எங்க அதெல்லாம்?"

உப்புக் காற்று மோசம், கடற்கரையில் எல்லாமே அரித்துப்போகிறது என்று நான் ஏதோ சொன்னேன்.

பிப்ரவரி 5

வாலுக்கடியில் பழைய ரயில் கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுத்தோம். பிறகு இன்னாசிமுத்து கை டிரில்லால் புட்டியில் ஒரு துளை போட்டார். தண்ணீர் அவர் சட்டையை நனைத்துக்கொண்டு பீச்சியடித்தது. அரிசி கழுவிய தண்ணீர்போல வெள்ளையாக, ஒரு கெட்ட வாடையோடு. அடுத்தடுத்து இருபது துளைகள் போட்டார். காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி வரை வடிந்தது. சிமெண்டுத் தரையைத் தாண்டி, மணலில் ஒரு ஓடை ஓடிக் கடலைப் பார்க்கப் போனது. ஆலாவின் மூக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. வெள்ளித் தண்டு இரண்டு விரலுக்கு வந்து நின்றது.

"மேல இருந்து தண்ணி வரத்தாம் செய்யும் மேடம். ஜன்னல் ரப்பர், மூட்டுவாய், எல்லாத்துலயும் வரும். எந்த விமானத்துக்கும் வரும். கீழ போவ வழி இருக்கணும். அம்புட்டுதான்."

யார் அடைத்தது என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்காததால் நானும் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுத இது என்ன பரீட்சையா.

பிப்ரவரி 6

தரைப்பலகைகளைப் பிரித்து உள்ளே பார்த்தோம். பின்பக்கத்து விலாச் சட்டங்கள் நான்கு, அடுக்கடுக்காக உரிந்து பழைய பரோட்டாவாகக் கிடக்கின்றன. விரலால் தொட்டால் உதிர்கிறது. இன்னாசிமுத்து ஒரு சட்டத்தை மிதித்தார். கால் முழங்கால்வரை இறங்கிவிட்டது. நல்லவேளை, கீறலோடு போயிற்று. "இம்புட்டு நாளா இதுக்கு மேல எத்தன பேரு நடந்தாவ?" என்று கேட்டார். கேட்டைப் பூட்டச் சொன்னேன். தலைமையகத்துக்குத் தகவல் அனுப்பினேன். காரணம் என்ற இடத்தில் 'ஆய்வில் உள்ளது' என்று எழுதினேன்.

பிப்ரவரி 8

அலமாரியை ஒழுங்குபடுத்தினேன். பழைய வேலைப் பதிவேடுகளையெல்லாம் அடித்தட்டுக்கு மாற்றினேன். மேல்தட்டில் இடம் தேவைப்படுகிறது.

பிப்ரவரி 9

மேல்தட்டில் வைக்க எதுவும் இல்லை.

பிப்ரவரி 14

மதியம் உள்ளே போய்ப் படுத்தேன். அலை இல்லை. விசிறிகள் சுற்றும் நிழல் மட்டும் வந்து வந்து போயிற்று. தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 20

தலைமையகம் அனுப்பிய மூன்று பேர் கொண்ட குழு வந்தது. தலைவர் ஓய்வுபெற்ற பொறியாளர், மரியாதையானவர், குடையோடு வந்தார். உரிந்த சட்டங்களைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். மறுபடி சட்டங்களைப் பார்த்தார்.

"கடல்லேருந்து நூறு மீட்டர். இந்த உப்புக் காத்துல எது நிக்கும் மேடம்? இங்க வச்சதே தப்பு. பின்னாடி இப்படின்னா முன்னாடியும் இறக்கையும் எந்த லட்சணத்துல இருக்குமோ. இன்னிக்கு நாலு சட்டம் மாத்துவோம், நாளைக்கு நாப்பது போகும்."

நகர்த்த வழியில்லை. அதைத் தாங்கும் சாலையும் கிடையாது, வைக்கக் கூடமும் கிடையாது. ஆகவே விமானத்தை வெட்டி எடுத்துவிட்டு, விமானி அமரும் முன்பகுதியை மட்டும் ஒரு கண்ணாடி அறையில் வைக்கலாம் என்பது அவர் கருத்து. மார்ச் நாலாம் தேதி முடிவெடுக்கும் கூட்டம்.

என் பக்கம் திரும்பி, "உங்களைக் குறை சொல்ல ஒண்ணுமில்ல. இவ்வளவு சுத்தமா வச்ச விமானத்த நான் வேற எங்கேயும் பாக்கல. கடல் கூட யாரு மல்லுக்கட்ட முடியும்?" என்றார்.

நன்றி சார் என்று சொன்னேன்.

பிப்ரவரி 21

இன்னாசிமுத்து பஸ் ஏறும் முன் விடைபெற வந்தார். டீ வாங்கி வரச் சொன்னேன். இறக்கையின் நிழலில் உட்கார்ந்தோம்.

"கடல்தான் காரணம்னு முடிவாயிருச்சாமே" என்றார்.

"அப்படித்தான் சொல்கிறார்கள்."

"கடல்தான் காரணம்னா இதக் காப்பாத்த முடியாது மேடம். கடலத் தூக்கி எங்க கொண்டு போய் வைக்க? ஆனா அடைச்ச ஓட்டைதான் காரணம்னா, அதத் தொறந்தாச்சே. கெட்டது நாலு சட்டம். ஒரு மாச வேல. இது இன்னும் முப்பது வருசம் நிக்கும்."

நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே ஆறியிருந்தது.

"ஒருக்க நடுக்கடல்ல ஒரு எஞ்சின் தீப்பிடிச்சு, மூணோட ரெண்டு மணி நேரம் வந்தோம். பன்னெண்டு பேரையும் கரையில கொண்டாந்து விட்டுச்சு. நான் இருக்கேன், எனக்கு ரெண்டு பேரப்புள்ளைய இருக்கு. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்." எழுந்து வயிற்றை ஒரு முறை தடவினார். "யாரு அடைச்சாவன்னு எனக்கு வேண்டாம். ஆனா ரொம்ப நல்லா அடைச்சிருக்காவ. நான் செஞ்சிருந்தாகூட இவ்ளோ நேர்த்தியா வராது."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள ஒரு கணம் ஆசை வந்தது. என்ன பிறவி நான்.

பிப்ரவரி 24

தளவாய் தானாக வந்து மேசை அருகில் நின்றார்.

"எம்மா, நான் யோசிச்சேன். மேல்பக்கத்துக்குப் பெயிண்ட் அடிக்க வந்தானுவள்லா, நாகர்கோயில் ஆளுவ. அவனுவ அடைச்சிட்டுப் போய்ட்டானுவன்னு சொல்லிருவோம். நானும் பாத்தேன்னு சொல்லுதேன். அவனுவள இனி எங்க போய்த் தேட?"

புட்டி பிசைந்து கொடுத்ததே தளவாய்தான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எனக்காக ஒருவர் பொய் சொல்லத் தயாராக நிற்பதை இதுவரை நான் பார்த்ததில்லை. அழுகை வந்தது. மூக்கைச் சிந்துவதுபோல் சமாளித்தேன்.

பிப்ரவரி 26

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். 'வண்ணம் பூசியவர்களின் கவனக்குறைவால் வடிகால் துளைகள் அடைபட்டு' என்று ஒரு வரி எழுதினேன். என் கையெழுத்து எப்போதும்போல் அழகாகத்தான் இருந்தது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

பிறகு எதுவும் எழுதவில்லை. எழுதாமல் விட்டால் போதும், காரணம் கடல் என்றே இருந்துவிடும். கடல் மெமோவுக்கு விளக்கம் எழுத வேண்டியதில்லை. முப்பது வருடத்தை நெருங்கும் பணி, ஒரு கறை இல்லை. பதினான்கு மாதம் பல்லைக் கடித்தால் மாலையோடு வீட்டுக்குப் போகலாம்.

பிப்ரவரி 27

கனவு. யாரோ ஆலாவை ரம்பத்தால் அறுக்கிறார்கள். சத்தமே வரவில்லை. பக்கத்தில் நான் நோட்டோடு நின்று, வெட்டிய துண்டுகளுக்கு எண் போட்டுக்கொண்டிருக்கிறேன். எண்கள் வரிசை தவறாமல் வந்தன.

மார்ச் 1

அடித்தட்டிலிருந்து பதிவேட்டை எடுத்தேன்.

இதை இப்போதாவது எழுத வேண்டும். செப்புத் திருமேனியில் ஒரு புள்ளியைத் தொட்டால்கூட எழுதிவைப்பது எங்கள் வேலையின் பழக்கம். தொடும் முன் ஒரு படம், தொட்ட பின் ஒரு படம், என்ன பூசினோம், எந்தத் தேதி, யார் கை. விமானத்துக்கும் அப்படியே செய்திருக்கிறேன். அறுபத்து நான்கு துளைகள். துளைக்கு ஒரு வரி. எந்தச் சட்டத்துக்கு அடியில், எந்த அளவு, எத்தனை கிராம் புட்டி. கடைசிப் பத்தியில் அறுபத்து நான்கு தடவை என் கையெழுத்து. ஓரத்தில் ஒரு குறிப்பு: 'இறக்கைகளின் அடிப்பகுதித் துளைகள் விடுபட்டுள்ளன. ஏணி எட்டவில்லை. உயரமான ஏணி கேட்டுக் கடிதம் அனுப்பியுள்ளேன்.'

அந்த ஏணி கடைசிவரை வரவில்லை. தலைமையகத்தின் சோம்பலை இத்தனை வருடத்தில் முதன்முறையாக வாழ்த்தினேன்.

நான்தான் அடைத்தேன். எழுதிவிட்டேன். கையெழுத்து இன்று அழகாக இல்லை, ஆனால் படிக்க முடிகிறது.

மார்ச் 4

கூட்டம் விமானத்தின் அடியிலேயே நாற்காலி போட்டு நடந்தது. தலைவர் முடிவை வாசிக்க ஆரம்பித்தார். 'கடற்காற்றின் தொடர் தாக்கத்தால்' என்ற இடத்தில் நான் எழுந்தேன்.

"கடல் இல்ல சார். நான்தான்."

தளவாய் பின்னாலிருந்து இருமினார். நிறுத்தச் சொல்லும் இருமல்.

பதிவேட்டைத் தலைவர் முன் திறந்து வைத்தேன். வெண்கலத்தில் செய்ததை விமானத்தில் செய்துவிட்டேன் என்றேன். தண்ணீர் வரும் வழி என்று நினைத்துப் போகும் வழியை மூடினேன் என்றேன். அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு ஒரு பக்கம் படித்தார். மறுபக்கம் திருப்பினார்.

"இது தெரிஞ்சும் அன்னிக்கே ஏம்மா சொல்லல?"

"பயம் சார்."

"சரி," என்றார். "ஒவ்வொரு சட்டமா பாத்துருவோம்."

பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாலை வரை பார்த்தார்கள். நான் அடைத்ததால் தண்ணீர் வால் பக்கமாக ஓடி எங்கே தேங்கியதோ, அங்கே மட்டும்தான் அரிப்பு. அதே நான்கு சட்டம். விமானி அறை, நடுப்பகுதி, எல்லாம் திடமாக இருக்கின்றன. கடைசியாக எங்கிருந்தோ ஒரு கிரேன் வரவழைத்து இறக்கைகளைத் தட்டிப் பார்த்தார்கள். முனை முதல் முனை வரை டண் டண். கடற்காற்று முதலில் படும் இடமே அதுதான், ஆனால் அங்கே துளைகள் அடைபடவில்லை. கிரேனிலிருந்து இறங்கிய தலைவர் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"உங்க ஏணி வராம போனது நல்லதாப் போச்சு" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

மார்ச் 5

இன்னாசிமுத்துவுக்குப் போன் செய்து சொன்னேன். "ம்" என்றார். பிறகு, "சாப்பிட்டீங்களா மேடம்?" என்றார். இல்லை என்றேன். "போய்ச் சாப்பிடுங்க மொதல்ல" என்று வைத்துவிட்டார்.

மார்ச் 19

இரண்டு உத்தரவுகள் ஒரே தபாலில். ஒன்று: விமானம் முழுமையாக இங்கேயே வைக்கப்படும். நான்கு சட்டங்கள் மாற்றப்படும். மேற்பார்வைக்கு இன்னாசிமுத்து. இன்னொன்று: எனக்கு மெமோ. பதினைந்து நாளுக்குள் விளக்கம். விசாரணை முடியும்வரை மலையடிவாரத்து ஒரு சின்ன அருங்காட்சியகத்துக்கு மாற்றம். பதிவேட்டை விசாரணைக்காக எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

முதல் உத்தரவை மூன்று முறை படித்தேன். இரண்டாவதை ஒரு முறை.

மார்ச் 22

கிளம்பும்போது ஆலாவுக்குள் போகவில்லை. போனால் படுத்துவிடுவேன் என்று பயம். தளவாய் பெட்டியை பஸ் வரை தூக்கிவந்தார். "அங்க விமானம் உண்டாம்மா?" என்று கேட்டார். முதுமக்கள் தாழியும் நடுகல்லும்தான் என்றேன். "அது ஒழுகாது, நிம்மதி" என்றார்.

ஏப்ரல் 16

தாழி இருபத்தொன்று. நடுகல் ஒன்பது. பல்லி கணக்கில்லை. விளக்கம் அனுப்பியாயிற்று. மதியத்தில் தூங்க முயன்றேன். இங்கே காற்றே இல்லை. எதுவும் அசையவில்லை.

மே 2

சட்டம் மாற்றும் வேலை முடிந்ததாம். இன்னாசிமுத்து போனில் சொன்னார். எல்லாத் துளைகளையும் திறந்து, சுற்றிலும் மருந்து தடவிவிட்டாராம். ஆலா நேராக நிற்கிறது, மூக்கைத் தூக்கவில்லை என்றார். இன்று எனக்கு நன்றாகப் பசித்தது.

மே 18

வெள்ளமணலில் என் இடத்துக்கு வந்திருக்கும் ரெஹானா பர்வீன் மதியம் மூன்று மணிக்கு அழைத்தாள். முப்பது வயதிருக்கும், ஓவியப் பாதுகாப்பில் கெட்டிக்காரி என்று கேள்வி. இதுவரை பேசியதில்லை. குரலில் பதற்றம்.

"மேடம், மன்னிச்சிருங்க, வேற யாரைக் கேக்கன்னு தெரியல. நேத்து இங்க கோடை மழை கொட்டித் தீத்துருச்சு. மழை விட்டு ஒரு நாளாச்சு. இந்த விமானத்துக்கு அடியில மட்டும் இன்னும் மழை பெய்யுது. வயிறு முழுக்க ஒழுகுது. புட்டி வாங்கி வச்சிருக்கேன். இந்தத் தளவாய் அண்ணன் டப்பாவத் தர மாட்டேங்கிறாரு. உங்களக் கேட்டாத்தான் தருவாராம்."

நான் உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். சத்தம் போடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"ஒழுகட்டும் ரெஹானா."

"பாக்க ரொம்ப அசிங்கமா இருக்கு மேடம். கீழ எல்லாம் வெள்ளை வெள்ளையா கறை."

"அசிங்கமாத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு." அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை துளை, எந்தப் புட்டி, எந்த நான்கு சட்டம், எத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன் என்பது வரை.

"இப்ப நான் என்ன செய்யணும் மேடம்?"

"போனைக் கையில வச்சுக்கிட்டு வாலுலேருந்து நடந்து வாங்க. ஒவ்வொரு துளையா பாருங்க. சொட்டுற துளைய விட்டுருங்க. சொட்டாத துளை எதுன்னு எனக்குச் சொல்லுங்க."

அவள் நடந்தாள். சொட்டுது, சொட்டுது, சொட்டுது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பதினேழாவதில் நின்றாள்.

"இது சொட்டல மேடம். குளவி மண் வச்சிருக்கு."

"தளவாய்ட்ட விளக்குமாத்துக் குச்சி ஒண்ணு வாங்கிக் குத்துங்க."

குச்சி உரசும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கூச்சல், அதற்குப் பின்னால் தளவாயின் சிரிப்பு.

"மூஞ்சிலயே அடிச்சிருச்சு மேடம்!" என்று அவளும் சிரித்தாள்.

"நல்லது," என்றேன். "பதினெட்டாவதுக்குப் போங்க."